மைக் அக்கா உட்கார்ந்த கல்யாணம்

பேருந்து நிலையத்தில் அவள் முகத்தைத் தெரிந்தவர்கள் குறைவு. குரலைத் தெரியாதவர்கள் யாருமில்லை. மாடியில் கண்ணாடி போட்ட சின்ன அறை. அதில் ஒரு மேசை, ஒரு மைக், வலது பக்கம் மட்டும் சுழலும் ஒரு நாற்காலி, ஓடினால் மைக்கில் கரகரவென்று கேட்கும் என்று எப்போதும் நிறுத்தியே வைத்திருக்கும் மின்விசிறி. அங்கிருந்து மைக் அக்கா "பயணிகள் கவனத்திற்கு" என்று ஆரம்பித்தால் போதும், கீழே பாதி டீ குடித்துக்கொண்டிருப்பவன் மீதியை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிடுவான். ஓட்டுநர்கள் கதை இன்னும் மோசம். வீட்டில் பெண்டாட்டி தொண்டை வற்றக் கத்தினாலும் அசையாத ஆசாமிகள், "ஓட்டுநர் உடனடியாக வண்டியை எடுக்கவும்" என்று அந்தக் குரல் வந்தால், வாயில் இருப்பதை மென்று முடிப்பதற்குள் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பார்கள்.

அவள் கணவர் அதே நிலையத்தில் டிக்கெட் கவுண்டரில் இருந்தார். முகத்தைப் பார்க்காமல் குரலை மட்டும் கேட்டே மயங்கிக் கிடந்து, ஒருநாள் துணிந்து மாடி ஏறிப் போய், "கட்டிக்கிறீங்களா?" என்று கேட்ட மனுஷன். "அன்னிக்குப் படி ஏறினப்ப வாங்கின மூச்சு இன்னும் நிக்கல" என்று சொல்வார். அதற்கு மேல் அவர் அதிகம் பேசுவதில்லை. பேசுவதற்கென்றே வீட்டில் ஒருத்தி இருக்கும்போது நாம் வேறு எதற்கு என்கிற ரகம்.

மைக் அக்காவுக்குச் சம்பளம் இல்லாத இன்னொரு உத்தியோகமும் உண்டு. சொந்தத்தில் யாருக்குக் கல்யாணம் என்றாலும் அதைத் தலைமேல் போட்டுக்கொண்டு நடத்துவது அவள்தான். விளக்கா, நாற்காலியா, சமையலா, வண்டியா, எல்லாவற்றுக்கும் "அக்கா எங்கே?" என்பார்கள். அவளும் காலில் சக்கரம் கட்டிக்கொண்டு ஓடுவாள். வேடிக்கை என்னவென்றால், இத்தனை கல்யாணங்களை நடத்தியவள் ஒரு கல்யாணத்தைக்கூட ஒழுங்காகப் பார்த்ததில்லை. சொந்தத் தம்பி மேடையில் சம்மதம் சொன்னபோது இவள் பின்கட்டில் ஜெனரேட்டர்காரரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். நாத்தனார் கல்யாணத்தில் ஐஸ் கட்டி வந்து சேராமல் சாலையில் போய் நின்றுகொண்டிருந்தாள். "கல்யாணம் நல்லா நடந்துச்சா?" என்று பக்கத்து வீட்டில் கேட்டதற்கு, "நடந்திருக்கும், எல்லாரும் சாப்பிட்டாங்களே" என்று சொன்னவள் அவள்.

அப்படிப்பட்டவளுக்கு ஒரே மகள். மருந்துக் கடையில் வேலை பார்க்கிற பெண். அம்மாவுக்குக் கண்ணாடி மாற்றப் போன இடத்தில், கண் பரிசோதிக்கிறவனுக்கே கண்ணைக் கொடுத்துவிட்டு வந்தாள். பையன் நல்லவன், குடும்பமும் தங்கமானது, இரண்டு வீட்டுக்கும் சந்தோஷம். மண்டபத்துக்கே பதிவாளரை வரவழைத்து, மேடையில் வைத்துச் சம்மதம் கேட்டு, கையெழுத்து வாங்கி, எல்லாருக்கும் சாப்பாடு போடுவது என்று முடிவாயிற்று.

அன்றைக்கு மைக் அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. சந்தோஷத்தில் வீட்டுக்குள்ளேயே நாலு நடை நடந்தாள். நடந்துகொண்டிருந்தவள் சட்டென்று நின்றாள்.

"என்னங்க, நான் இந்தக் கல்யாணத்தைப் பாக்கணும்."

"நம்ம பொண்ணு கல்யாணம்தானே, பாக்காம?" என்றார் கணவர்.

"அப்படித்தான் தம்பி கல்யாணத்துக்கும் நெனச்சேன். அவ சம்மதம்னு சொல்றப்போ அவ முகத்தை நான் பாக்கணும். அது ஒண்ணுதான் எனக்கு வேணும். மத்ததையெல்லாம் காசு குடுத்து யார்கிட்டயாவது ஒப்படைச்சிடலாம்."

செய்தி சொந்தத்தில் பரவியது. தம்பி நேரில் வந்துவிட்டார். தாய்மாமன் என்கிற கௌரவத்தை எந்நேரமும் சட்டைப் பையில் வைத்திருப்பவர்.

"ஏன்க்கா, நீ இருக்கறப்போ வெளியாளா? ஊர்ல எல்லார் கல்யாணத்தையும் நீ நடத்துவ, உன் வீட்டுக் கல்யாணத்தைக் கான்ட்ராக்டர் நடத்துவாரா? நாலு பேர் என்ன பேசுவாங்க?"

"கான்ட்ராக்டர் இல்லடா, கல்யாண பிளானர்."

"பேர் எதுவா இருந்தா என்ன. பாலம் கட்டறவனும் பிளான்தான் போடறான்."

"டேய், உன் கல்யாணத்துல நீ சம்மதம் சொன்னியா இல்லையான்னு எனக்கு இன்னி வரைக்கும் தெரியாது. வீடியோக்காரர் சொல்லித்தான் நம்பிட்டு இருக்கேன். அதுக்கு நாலு பேர் என்ன பேசினாங்க?"

தம்பி காபியைக் குடித்துவிட்டுப் போனார்.

பிளானரின் அலுவலகம் ஒரு பல் டாக்டருக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருந்த ஒற்றை அறை. சுவரில் துணி மாதிரிகள், மூலையில் அடுக்கிய பிளாஸ்டிக் பூ, மேசைமேல் பசை டப்பா. பல் பிடுங்கும் அறையிலிருந்து அவ்வப்போது முனகல் கேட்டது. பிளானர் முப்பதைத் தாண்டியிருப்பாள். கொண்டையில் பென்சிலைச் செருகியிருந்தாள். மைக் அக்கா அவளைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்தாள். எத்தனை பேருக்குச் சாப்பாடு, விளக்கு போனால் என்ன செய்வாய், மழை வந்தால் என்ன செய்வாய் என்று குடைந்தாள். பிளானர் எல்லாவற்றுக்கும் சளைக்காமல் பதில் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு, "இப்ப நான் ஒண்ணு கேக்கலாமா அக்கா? கல்யாணத்தன்னிக்கு நீங்க எங்க இருப்பீங்க?" என்றாள்.

"நானா? காலையில வாசல்ல. அப்புறம் சமையல்கட்டுல தலையைக் காட்டணும். நடுவுல டிரைவர்களுக்கெல்லாம் டிபன் போச்சான்னு பாக்கணும். தண்ணி டேங்க் ஒண்ணு, அது எப்பவும் கழுத்தறுக்கும்..."

"பொண்ணு சம்மதம் சொல்றப்போ?"

இத்தனை நேரம் தான் சொன்ன எந்த இடத்திலிருந்தும் மேடை தெரியாது என்பது மைக் அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. ஆள் வைக்க வந்த இடத்திலேயே, ஆள் வைத்த பிறகும் ஓடுவதற்கு வழி போட்டுக்கொண்டிருக்கிறாள்.

"நல்லா கேட்டம்மா," என்றாள். "நீதான் எனக்கு வேணும். ஆனா விளக்கு, சாப்பாடெல்லாம் ரெண்டாவது. முதல் வேலை, என்னை முன் வரிசையில உக்கார வைக்கறது. நான் எந்திரிச்சா நீ தோத்துட்டன்னு அர்த்தம்."

பிளானர் கொண்டையிலிருந்து பென்சிலை எடுத்தாள், எதையும் எழுதாமல் மறுபடி செருகிக்கொண்டாள். "இந்த மாதிரி வேலை யாரும் குடுத்ததில்லக்கா. உக்காந்து பழகியிருக்கீங்களா?"

"தினம் உக்காந்துதானே பேசறேன்."

"அது வேலைக்கு உக்காரறது. வேலை இல்லாம?"

அதற்குப் பழக்கம் இல்லை என்பதால் பயிற்சி வைத்தார்கள். பிளானர் நடத்திய வேறொரு கல்யாணத்துக்கு, பெண்வீட்டாரிடம் சொல்லிவிட்டு, மைக் அக்காவையும் கணவரையும் அழைத்துப்போய்க் கடைசி வரிசையில் உட்கார வைத்தாள். வந்து உட்கார்ந்ததும் மைக் அக்காவின் கண்ணில் கோணலாகக் கிடந்த ஒரு மேசை விரிப்பு பட்டது. எழுந்தாள். கணவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார். பிறகு தண்ணீர் தட்டு ஒரு வரிசைக்கு வராமல் போனது. பாதி எழுந்தாள். கணவர் மறுபடி இழுத்தார். பூத்தொட்டி ஒன்று நடைபாதையில் துருத்திக்கொண்டிருந்தது. அதற்குக் காலை மட்டும் நீட்டித் தள்ளிவிட்டு உட்கார்ந்தபடியே இருந்தாள். முன்னேற்றம்தான்.

பிறகு மேடையில் முன்பின் தெரியாத ஒரு பெண் வந்து நின்றாள். முன்பின் தெரியாத ஒரு பையனைப் பார்த்துச் சம்மதம் என்றாள். அவ்வளவுதான். மைக் அக்கா பொங்கிப் பொங்கி அழுதாள். முன் வரிசைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தன. பெண்ணின் சித்தப்பா ஒருவர் குழப்பத்தோடு வந்து, "நீங்க பொண்ணுக்கு என்ன உறவு வேணும்?" என்று கேட்டார்.

"பயிற்சிக்கு வந்தோம்" என்றார் கணவர். அவர் வாழ்நாளில் பேசிய மிக மோசமான வாக்கியம் அதுதான்.

வீடு திரும்பும் வழியெல்லாம் மைக் அக்கா சிரித்துக்கொண்டும் மூக்கைத் துடைத்துக்கொண்டும் வந்தாள். "ஊரார் வீட்டுப் பொண்ணுக்கே எனக்கு இப்படி இருக்குங்க. நம்ம பொண்ணுன்னா நான் எப்படித் தாங்கப்போறேன்?" என்றாள். அன்றிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. நிலையத்தில் அறிவிப்பு சொல்லும்போதே குரலில் ஒரு துள்ளல் ஏறிவிட்டது. வண்டி தாமதம் என்ற செய்தியைக்கூட அவள் பரிசு விழுந்ததுபோலச் சொன்னாள். பயணிகள் கோபப்படுவதா சிரிப்பதா என்று தெரியாமல் நின்றார்கள்.

கல்யாண நாளும் வந்தது.

மண்டபம் முதல் மாடியில். கீழே ஒரு முற்றம், அதற்கு ஒற்றை வாசல். பேருந்து நிலையமே திரண்டு வந்திருந்தது. ஓட்டுநர்கள், நடத்துநர்கள், மூட்டை தூக்குகிறவர்கள், பழக்கடைக்காரர் என்று பாதி மண்டபம் அவர்களால் நிரம்பியது. ஓட்டுநர்களில் பலரும் சும்மா வரவில்லை. உறவுக்காரர் வேன், தெரிந்தவர் கார் என்று ஆளுக்கொன்றை ஓட்டிக்கொண்டு குடும்பத்தோடு வந்து முற்றத்தில் நெருக்கமாக நிறுத்தியிருந்தார்கள். பிளானர் மைக் அக்காவை முன் வரிசையில் நடு நாற்காலியில் உட்கார வைத்தாள். கைபேசியை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

"இதுதான் உங்க சீட்டு. யாரு வந்து எது கேட்டாலும் என்கிட்ட அனுப்புங்க. பதிவாளருக்கு இன்னொரு கல்யாணம் இருக்கு, அவர் நம்மகிட்ட அதிக நேரம் நிக்க மாட்டார். மாப்பிள்ளை வந்ததும் ஆரம்பிச்சிடுவோம்."

மைக் அக்கா பரீட்சை எழுத வந்த பிள்ளைபோலத் தலையாட்டினாள். பெரியம்மா வந்து கை துடைக்கும் துணி எங்கே என்று கேட்டாள். மைக் அக்கா பிளானரைக் கையால் காட்டினாள். மச்சினர் வந்து பூ போதவில்லை என்றார். மறுபடி கையைக் காட்டினாள். அவளுக்கே பெருமை பிடிபடவில்லை.

வினை வேறு பக்கத்திலிருந்து வந்தது. மாப்பிள்ளையின் கார் வாசலுக்கு வந்துவிட்டது, உள்ளே நுழைய முடியவில்லை, வாசலை மறித்து யாரோ வண்டியை நிறுத்திவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று காவலாளி மேலே வந்து சொன்னார். பிளானர் அப்போது மணப்பெண் அறையில் இருந்தாள். ஒலிபெருக்கிக்காரருக்கு மைக் அக்காவைத் தெரியும். தெரிந்தவர் செய்யக்கூடிய காரியத்தைச் செய்தார். மைக்கைக் கொண்டுவந்து அவள் கையிலேயே கொடுத்து, "அக்கா, நீங்களே ஒரு வார்த்தை சொல்லிடுங்களேன்" என்றார்.

கையில் மைக் வந்தால் அவள் என்ன செய்வாள்? எழுந்திருக்கவில்லை. அது சத்தியம். உட்கார்ந்தபடியே, கண்ணை லேசாக மூடிக்கொண்டு, நிலையத்துக் குரலில் சொன்னாள்:

"பயணிகள் கவனத்திற்கு. வாசலில் வண்டியை நிறுத்தியிருக்கும் ஓட்டுநர் உடனடியாக வண்டியை எடுக்கவும்."

வாசலில் நின்றது ஒரே ஒரு வண்டி. எழுந்தது மண்டபத்தில் இருந்த அத்தனை ஓட்டுநர்களும். அந்தக் குரலுக்கும் அவர்கள் காலுக்கும் நடுவில் மூளைக்கு வேலையே கிடையாது. வண்டி எங்கே நின்றால் என்ன, அக்கா எடுக்கச் சொன்னாள், எடுக்க வேண்டும். ஆளாளுக்கு இறங்கி ஓடி, கிடைத்த இடத்தில் வண்டியைத் திருப்பினார்கள். அவரவர் குடும்பத்தார், எங்கேயோ போகிறோம் போலிருக்கிறது என்று பைகளைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினார்கள். மண்டபம் பாதி காலியாகிவிட்டது. கீழே ஒரே ஹாரன் சத்தம்.

பிளானர் மணப்பெண் அறையிலிருந்து ஓடிவந்தாள். ஜன்னல் வழியாக முற்றத்தை ஒரு பார்வை பார்த்தாள்.

"மைக்ல பேசினது நீங்களா அக்கா?"

"நான் எந்திரிக்கலம்மா. உக்காந்துதான் பேசினேன்."

"தப்பு என்னுதுதான்," என்றாள் பிளானர். "உங்க காலையே நெனச்சுக்கிட்டு வாயை மறந்துட்டேன்." மைக்கை வாங்கி ஒலிபெருக்கிக்காரரிடம் கொடுத்துவிட்டு, "அக்கா, நான் பாத்துக்கறேன், நீங்க உக்காருங்க" என்று படியில் தடதடவென்று இறங்கினாள்.

மைக் அக்காவுக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. கீழே போய் நின்று நாலு வார்த்தை சொன்னால் வண்டிகள் வரிசையாக நகரும், அவளுக்குத் தெரியும். பதிவாளர் மேடையில் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இப்போது எழுந்து போனால் சிக்கல் தீரும். ஆனால் எழுந்து போகிறவள் எப்போது திரும்பி வருவாள் என்பதும் அவளுக்குத் தெரியும். வாசலுக்குப் பிறகு சமையல்கட்டு, அதற்குப் பிறகு தண்ணீர் டேங்க். நாற்காலியின் இரண்டு கைகளையும் இறுகப் பிடித்துக்கொண்டாள். அழுகை வரும்போல இருந்தது.

"என்னங்க, ஜன்னல்கிட்ட போய் நின்னு என்ன நடக்குதுன்னு சொல்லுங்க."

கணவர் போய் நின்றார். இந்த ஜென்மத்தில் அவருக்கு அறிவிப்பாளர் வேலை கிடைக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"ஒரு வேன் நிக்குது."

"சரி."

"பக்கத்துல இன்னொரு வேன்."

"எந்தப் பக்கம் திரும்பி நிக்குது?"

"வாசல் பக்கம்னு வெச்சுக்கயேன்."

"அப்படியெல்லாம் வெச்சுக்க முடியாதுங்க. பாத்துச் சொல்லுங்க."

"வாசல்ல நிக்கறது வெள்ளைக் கார். நம்ப மாட்ட. உன் தம்பி கார்."

மைக் அக்கா பல்லைக் கடித்தாள். தாய்மாமன் வண்டி வாசலில் முதல் ஆளாக நிற்க வேண்டும் என்று கௌரவத்துக்காக நிறுத்தியிருக்கிறார். இப்போது எடுக்கலாம் என்றால் முன்னால் நாலு வேன்.

"பிளானர் பொண்ணு என்ன பண்ணுது? முதல்ல அந்தக் கடைசி வேனைப் பின்னாடி எடுக்கச் சொல்லணும்."

"அது எந்த வண்டியையும் எடுக்கச் சொல்லல," என்றார் கணவர். அவர் குரலே மாறியிருந்தது. "நடுவுல புகுந்து போகுது. மாப்பிள்ளை கார் கதவைத் திறக்குது. அவரைக் கீழ இறக்கிடுச்சு. கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வருது. அவங்க அப்பா அம்மாவும் பின்னாடி வர்றாங்க. உன் தம்பி கார் பானட் மேல கை ஊணித் தாண்டி வர்றார் மாப்பிள்ளை."

"வண்டியெல்லாம்?"

"அப்படியே நிக்குது. எல்லாரையும் சாவியை எடுத்துக்கிட்டு மேல வரச் சொல்லுது."

மைக் அக்கா வாயைப் பிளந்தாள். இத்தனை வருஷமாக அவள் இப்படி ஒரு நாளும் யோசித்ததில்லை. அவளாக இருந்தால் எல்லா வண்டிகளையும் ஒவ்வொன்றாகப் பிரித்து, வழி விட்டு, கடைசியில் மாப்பிள்ளையை உள்ளே கொண்டுவந்திருப்பாள், அதற்குள் பதிவாளர் அடுத்த கல்யாணத்தில் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். இந்தப் பெண் சிக்கலைச் சிக்கலாகவே விட்டுவிட்டு, வேண்டியதை மட்டும் அதிலிருந்து உருவி எடுத்துவிட்டாள்.

மாப்பிள்ளை காலணியெல்லாம் தூசியோடு சிரித்துக்கொண்டே மேடை ஏறினார். பின்னாலேயே ஓட்டுநர்கள் வியர்வையோடும் சாவியோடும் திபுதிபுவென்று வந்து உட்கார்ந்தார்கள். பிளானர் மூச்சு வாங்க வந்து சுவர் ஓரமாக நின்றாள். மணப்பெண் வந்து மாப்பிள்ளை பக்கத்தில் நின்றாள். கணவர் ஜன்னலை விட்டு வந்து மைக் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

தம்பி குனிந்தபடி வந்து அவள் காதில், "அக்கா, சமையல்காரர் ஏதோ அவசரம்னு உன்னைக் கூப்பிடறார்" என்றார்.

அவள் திரும்பவில்லை. "பிளானர்கிட்ட சொல்லுடா."

"அந்தப் பொண்ணு இப்பத்தான் வந்து நிக்குது."

"அப்ப நீயே போ. என் கண்ணை மறைக்காம போ."

பதிவாளர் மாப்பிள்ளையைக் கேட்டார். அவர் சம்மதம் என்றார். பிறகு பெண்ணைக் கேட்டார்.

மகள் வாயைத் திறந்தாள். சொல்லவில்லை. அவள் கண்கள் நிமிர்ந்து, எல்லாத் தலைகளையும் தாண்டி, மண்டபத்தின் கடைசிக்குப் போயின. சமையல்கட்டுக் கதவைப் பார்த்தாள். பிறகு பக்கவாட்டு வாசல். பிறகு படிக்கட்டு. யாரையோ தேடிக் காணாத முகம் அது. மாப்பிள்ளை என்ன என்பதுபோலக் குனிந்தார்.

முன் வரிசையில் மைக் அக்காவுக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கியது. பள்ளிக்கூட விழா, பரிசளிப்பு, தோழி வீட்டு விசேஷம், எங்கே போனாலும் இந்தப் பெண் அம்மாவை அங்கேதான் தேடியிருக்கிறாள், ஏதாவது ஒரு கதவோரத்தில். தான்தான் எதையும் பார்க்கவில்லை என்று இத்தனை நாளும் குறைப்பட்டுக்கொண்டிருந்தாள். பிள்ளை ஒவ்வொரு தடவையும் மேடையில் நின்று தன்னைத் தேடிக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியாது.

"இங்கதான்டி இருக்கேன்" என்றாள்.

மைக் இல்லை. நிலையத்துக் குரலும் இல்லை. முதல் வரிசையைத் தாண்டிக் கேட்காத, சாதாரண அம்மா குரல். ஆனால் மகளுக்குக் கேட்டது. அவள் கண்கள் கீழே இறங்கி, அம்மாவை அவ்வளவு பக்கத்தில் கண்டு, முதலில் நம்பாமல் விரிந்தன. பிறகு முகமெல்லாம் சிரிப்பு. சிரித்துக்கொண்டே, மெல்ல, "சம்மதம்" என்றாள்.

பதிவாளருக்குச் சரியாகக் கேட்கவில்லை. காதை முன்னால் நீட்டி இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். மகள் மறுபடியும் அம்மாவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். மைக் அக்கா இரண்டு தடவையும் பார்த்தாள்.